முன் வரிசையில் வேறு கல்யாணம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது கொஞ்சம் கௌரவம்.

கல்யாண போட்டோ எடுக்க ஆரம்பித்து இருபது வருடம் தாண்டிவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை. வாசல் பலகையில் என் பெயரைவிட என் மீசை பெரிதாக இருக்கும். அப்படிப்பட்ட நான், ஓர் ஆவணி முகூர்த்தத்தில், என்னை அழைத்த வீட்டுப் பெண்ணை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கழுத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தாலி கட்டுவதை நூற்று முப்பத்தேழு படம் எடுத்தேன்.

அத்தனையும் அருமையாக வந்திருந்தன. அதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்றாவது தூண்

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போவது என்பது ஐம்பது கல்யாணத்துக்குப் போவது. கோயில் மலைமேல் இருக்கிற மண்டபத்தில் வரிசை வரிசையாக ஜோடிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ஜோடியைச் சுற்றியும் ஒரு கூட்டம், ஓர் ஐயர், ஒரு தாம்பாளம். இந்தப் பக்கம் ஊதுகிற நாதஸ்வரத்துக்கு அந்தப் பக்கத்துத் தவில்காரர் வாசிப்பது போலக் கேட்கும். நடுவே மொட்டை போட்டுக்கொண்ட குழந்தைகள் சந்தனத் தலையோடு ஓடும்.

மாப்பிள்ளைகள் எல்லோருக்கும் பட்டு வேட்டி, ஒரே மாதிரித் தலைப்பாகை. பெண்கள் எல்லோருக்கும் அந்த வருடம் எந்தச் சிவப்பு கடைக்கு வந்ததோ அந்தச் சிவப்பு. மாலை காதுவரைக்கும் ஏறியிருக்கும். பெற்ற தாயே இரண்டு முறை பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வாள். நான் எம்மாத்திரம்.

என்னை அழைத்தவர் மேல்பட்டாம்பாக்கத்துக் கலியபெருமாள் மாமா. மாமா என்றால் உறவு இல்லை. எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவர் எவரும் போட்டோக்காரனுக்கு மாமாதான். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்ப்பவர். நாள் முழுக்க பாய்லர் இரைச்சலில் நின்று நின்று, நாம் நாலு வரி பேசினால் நாலு எழுத்தில் பதில் சொல்கிற பழக்கம் வந்துவிட்டிருந்தது. ஒரே மகள், நிவேதா. மாப்பிள்ளைக்குச் சிதம்பரத்தில் மருந்துக்கடை. காலையில் திருவந்திபுரத்தில் தாலி, சாயங்காலம் சிதம்பரத்தில் வரவேற்பு.

வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகக் கடற்கரையில் ஓடவிட்டு எடுக்கிற படமும் வேண்டாம். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் ஓர் உத்தரவு போட்டிருந்தார். அதை முந்தின நாளே உறவுக்காரர்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"தாலி கட்டுறப்போ எவன் கையிலயும் போன் இருக்கக் கூடாது. கையில அட்சதை இருக்கணும். போட்டோவுக்கு ஆள் வச்சிருக்கேன்."

அந்த ஆள் நான்.

என்னிடம் தனியாக ஒன்று சொன்னார்: "மூணாவது தூண்."

அங்கேதான் அவர்களை உட்கார வைப்பார்கள் என்று அர்த்தம். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடிக்குப் பின்னால் இன்னொரு ஜோடியாக இரண்டு ஜோடிகள் உட்கார இடம் இருக்கும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று மாப்பிள்ளைகள் டீ குடித்த கதை

எனக்கு இன்னொரு வியாதி உண்டு. தெருவில் படம் எடுக்கிற வியாதி. முகூர்த்தம் இல்லாத நாளில் விடிந்ததும் துறைமுகத்து மீன் இறங்குமிடத்துக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு அக்கா என்னைப் பார்த்தாலே சொல்லும்: "தே, வந்துட்டான் பாரு. மீன எடு, மூஞ்சிய எடுக்காத. நான் இன்னும் மூஞ்சி கழுவல." ஆனால் படம் எடுத்துக் காட்டாமல் போனால் அதற்கும் திட்டும்.

மீன் சந்தையில் நின்று நிதானமாக ஃபோகஸ் பார்க்க முடியாது. பார்த்தால் முதுகில் கூடை இடிக்கும். அதனால் லென்ஸின் துவாரத்தை எப்போதும் சுருக்கியே வைத்திருப்பேன். அப்படி வைத்தால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே மாதிரி துல்லியமாக விழும். தெருவுக்கு அது நல்லது. கல்யாணத்துக்கு அது ஆகாது. கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் தெரிய வேண்டும், பின்னால் இருப்பதெல்லாம் பால்பாயசம் மாதிரி குழைந்து கிடக்க வேண்டும். ஆல்பம் வடிவமைப்பது என் மனைவி மலர். அவள் தினமும் சொல்வது இது: "உங்க படத்துல பொண்ணு மாப்ளயவிடப் பந்தக்கால் நல்லா தெரியுது."

ஒருமுறை நெல்லிக்குப்பத்துக் கல்யாணத்தில், ஆல்பத்தின் அட்டைக்குத் தேர்ந்தெடுத்த படத்தில், ஜோடிக்குப் பின்னால் பெண்ணின் தாய்மாமா தாம்பூலப் பையில் நான்காவது வாழைப்பழத்தைப் போட்டுக்கொள்வது பளிச்சென்று விழுந்துவிட்டது. அவர் இரண்டு வருடம் என் கடை இருக்கும் தெருவிலேயே நடக்கவில்லை. அப்புறம் அவரை வெட்டிவிட்டுப் புது அட்டை போட்டுக் கொடுத்தேன். வெட்டுவது எங்கள் தொழிலில் பாதி வேலை. மச்சான் மச்சானுக்குச் சண்டை என்றால் முதலில் கடைக்குத்தான் வருவார்கள். "இவன மட்டும் எடுத்துட்டு ஒரு பிரிண்ட் குடுங்க." சமாதானம் ஆனதும் திரும்ப வருவார்கள். "பழைய படமே இருக்கா?"

சரி, மலைக்கு வருகிறேன்.

விடியலில் அரை வெளிச்சத்தில் நிவேதாவைப் படம் எடுத்தேன். வளையல், நெத்திச்சுட்டி, மருதாணிக் கை. முகத்தைச் சரியாகப் பார்த்தேனா என்றால் இல்லை. கேமரா பிடிக்கிறவன் பெண்ணைப் பார்ப்பதில்லை, பெண்மேல் விழுகிற வெளிச்சத்தைத்தான் பார்ப்பான். இதை மலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் நம்பியதில்லை. மாப்பிள்ளையைக் கல்யாணப் பத்திரிகைப் படத்தில் தாடியோடு பார்த்திருந்தேன். அன்று காலையில் அவர் மழித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

மலையிலிருந்து எட்டிப் பார்த்தபோது கீழே டீக்கடை தெரிந்தது. அங்கே மூன்று மாப்பிள்ளைகள். மூன்று வெவ்வேறு கல்யாணம். மூன்று பேரும் தலைப்பாகையோடு வரிசையாக நின்று, டீயில் நனையாமல் இருக்க மாலையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் கிளாஸைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஏதோ பரீட்சைக்குப் போகிறவர்கள் மாதிரி.

இப்படி ஒரு படம் வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும். ரெண்டே நிமிஷம் என்று படியிறங்கினேன். கால் மணி நேரம் ஆனது. படம் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். நான் அழுத்திய நொடியில் குறுக்கே ஒரு மொட்டைத் தலை போனது. அந்த மொட்டைத் தலையின் அருமையான படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

சொன்னதைக் கேட்ட ஜோடி

மூச்சிரைக்க மேலே ஓடி வந்தேன். மூன்றாவது தூண். சிவப்புப் புடவை. தலைப்பாகை. தாடியைக் காணோம். ஆனால் ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்கு நேரமில்லை. முன்னால் போய் மண்டியிட்டு அதிகாரத்தை ஆரம்பித்துவிட்டேன்.

"மாப்ள, நெஞ்ச நிமுத்துங்க. ஏம்மா பொண்ணு, பொடவை சரிகைய எண்ணிக்கிட்டு இருக்கியா, இங்க பாரு. அம்மா, நீங்க மாப்ள அம்மாதான? தூண மறைக்காம இப்படி வாங்க."

அத்தனை பேரும் கேட்டார்கள். கழுத்தில் இரண்டு கேமரா தொங்கினால் நம் ஊரில் யார் சொன்னாலும் கேட்பார்கள். "சாரு வந்துட்டாரு, வழி வுடு" என்று ஒருவர் எனக்காகக் கூட்டத்தைத் தள்ளினார். சரிகையை எண்ணுகிறாயா என்றதற்கு அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் நிற்க அப்படி ஒரு சிரிப்பு. கெட்டிமேளம் கொட்டியது. எது எங்கள் மேளம், எது அடுத்தவர் மேளம் என்று தெரியாதபடி நாலு பக்கமும் கொட்டியது. அட்சதை என் லென்ஸிலும் மீசையிலும் விழுந்தது. நான் விடவே இல்லை.

எல்லாம் முடிந்ததும் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

"அண்ணே, ரொம்ப நன்றிண்ணே. உங்கள யாரு அனுப்புனா?"

"யாரு அனுப்புனாவா? கலியபெருமாள் மாமாதான்."

"அது யாருண்ணே?"

கேமராவைக் கீழே இறக்கினேன்.

"பொண்ணோட அப்பாங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு வூட்ல யாரும் வரலண்ணே. அவுங்க அப்பா வரவே மாட்டேன்னுட்டாரு. நாங்களே எட்டுப் பேருதான். போட்டோவுக்கெல்லாம் யாரும் ஏற்பாடு பண்ணலியே. சரி, எவனோ நம்ம ஃபிரண்டு சொல்லாம செஞ்சிருக்கான்னு நெனச்சோம்."

மெல்லத் தலையைத் தூக்கினேன். அந்த ஜோடிக்குப் பின்னால், அடுத்த வரிசையில், தலையெல்லாம் அட்சதையோடு நிவேதா எழுந்துகொண்டிருந்தாள். கழுத்தில் தாலி. பக்கத்தில் மழித்த முகத்தோடு மருந்துக்கடை மாப்பிள்ளை. சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. ஏனென்றால் நான் அவர்களைப் பார்த்துதான் மண்டியிட்டிருந்தேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கல்யாணம் இருந்தது, அவ்வளவுதான்.

நண்பரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். அந்தப் படங்களை ஆல்பமாகவே போட்டு அண்ணாகிராமத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கொடுத்தது பிந்தைய கதை. இப்போதும் பலா காய்க்கிற நாளில் அங்கிருந்து ஒரு முழுப் பழம் என் கடைக்கு வந்துவிடும். அதை வெட்டத் தெரியாமல் கையெல்லாம் பிசினாக்கிக்கொண்டு மலரிடம் திட்டு வாங்குவது தனி.

நாற்காலியின் ஒரு கால்

படிக்கட்டுக்கு ஓடினேன். எதற்கு என்று தெரியாது. ஓடினால் ஏதாவது சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

பாதிப் படியில் கலியபெருமாள் மாமா. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முட்டிவலி, ஏற முடியாது. நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவரை வேறு ஆள் தூக்கினால் மரியாதை இல்லை என்று ஒரு காலைத் தானே பிடித்திருந்தார் மாமா. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கட்டியாச்சா?"

"ஆச்சு மாமா."

அவர் மலையுச்சியைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"மேளம் கேட்டுச்சு. நம்முதா வேற யாருதான்னு தெரியல. இவர வுட்டுட்டு ஓட முடியல."

பெரியப்பா நாற்காலியில் தலை குனிந்துகொண்டார்.

"பரவால்ல" என்றார் மாமா, அவரிடமா தனக்குத்தானா என்று தெரியாமல். பிறகு என்னிடம், "நீ எடுத்துட்ட இல்ல?"

"எடுத்துட்டேன் மாமா."

பொய் இல்லை. தாலி கட்டுவதை நான் எடுத்திருந்தேன். யார் யாருக்குக் கட்டினார்கள் என்று அவர் கேட்கவில்லை.

"சாயங்காலம் அந்தப் பெரிய டிவில போடு. பாத்துக்கிறேன்."

சிதம்பரத்து மண்டபத்தில் வைக்கப்போகிற எல்.இ.டி. திரையைச் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் கழுத்து வலிக்கிறது.

மலர் பார்த்த மூலை

மதியம் வீட்டில் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு மலரிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"மூணு மாப்ள டீ குடிக்கிறத எடுக்கப் போனீங்க."

"ஆமா."

"வந்து நாலாவது மாப்ளைய எடுத்தீங்க."

"ஆமா."

"நல்லவேள, ஐயர் பக்கத்துல உக்காந்து நீங்களே தாலி கட்டாம இருந்தீங்க."

இருபது வருடத்தில் சம்பாதித்த பெயர் இன்று சாயங்காலத்தோடு போச்சு என்று நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். பெயர்கூடப் போகட்டும். அந்த மனுஷன் போனை எல்லாம் கீழே வைக்கச் சொன்னவர். ஒருவரிடமும் ஒரு படமும் கிடையாது. என்னை நம்பி நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

மலர் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். தெரியாத பெண். தெரியாத மாப்பிள்ளை. மறுபடி தெரியாத பெண். பின்னால் எல்லாப் படத்திலும் யாராவது ஒரு அத்தையின் முதுகு, யாராவது ஒரு சித்தப்பாவின் கை.

"ஏங்க."

"என்ன."

"பந்தக்கால் நல்லா தெரியுதுன்னு திட்டுவேன் இல்ல, இனிமே திட்டல. இங்க வாங்க."

ஒரு படத்தின் இடது மூலையைப் பெரிதாக்கினாள். அட்சதை தூவ எல்லோரும் கையை உயர்த்தியபோது முதுகுகள் ஒரு நொடி விலகியிருக்கின்றன. அந்தச் சந்தில், மீன் சந்தைக்காகச் சுருக்கி வைத்த துவாரத்தின் புண்ணியத்தில், துல்லியமாக, மழித்த முகத்து மாப்பிள்ளை குனிந்து முடிச்சுப் போடுகிறார். நிவேதா.

நூற்று முப்பத்தேழில் அது ஒன்றுதான். அதற்கு முந்தின படத்திலும் பிந்தின படத்திலும் அத்தையின் முதுகு.

"முன்னால இருக்கறவங்கள வெட்டிட்டுப் பெருசு பண்ணிட்டா, நீங்க எடுத்ததுதான். ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் மலர். அப்புறம் அவளே, "கொஞ்சம் புள்ளி அடிக்கும், படம் உடைஞ்ச மாதிரி" என்றாள். அதற்கும் அப்புறம், "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சிதம்பரம்

வெட்டிய படம் ஒன்று, வெட்டாத படம் ஒன்று. இரண்டையும் லேப்டாப்பில் வைத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினேன். சிப்காட் தாண்டும்போது வெட்டியதைக் காட்டுவது என்று முடிவு. புதுச்சத்திரத்தில் டீ குடித்தபோது வெட்டாததைக் காட்டுவது என்று முடிவு. வெள்ளாற்றுப் பாலத்தில் திரும்ப வெட்டியது. சிதம்பரம் இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் இன்னும் இரண்டு முறை மாறியிருப்பேன்.

மண்டபத்தில் கூட்டம் இன்னும் வரவில்லை. மேடைக்குப் பின்னால், திரைக்கு வயர் இழுக்கிற இடத்தில் மாமா தனியாக நின்றிருந்தார். புதுச் சட்டை. தோளில் வலித்தைலம் பூசியிருந்தார், வாடை வந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"எங்க?"

பாலத்தில் எடுத்த முடிவு அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. லேப்டாப்பைத் திறந்து முழுப் படத்தையும் வைத்தேன்.

திரை முழுக்க யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு இது?"

சொன்னேன். டீக்கடை, தூண், தாடி, எட்டுப் பேர், அந்தப் பெண்ணின் வீட்டில் யாரும் வராதது, படியில் நான் சொன்னது, எல்லாவற்றையும். தொழிலில் எனக்குக் கை எப்படியோ, வாய் நிற்காது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அடிப்பாரோ என்று லேப்டாப்பைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு மூலையைக் காட்டினேன். "இதோ மாமா. நம்ம பாப்பா."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார். பாய்லரின் அழுத்தமானியில் முள்ளைப் பார்க்கிறவர் மாதிரி முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். மேடையில் யாரோ மைக் பரிசோதித்தார்கள். அவர் அசையவில்லை.

"எங்க பாக்குது?" என்றார்.

அதை அதுவரைக்கும் நான் கவனித்திருக்கவில்லை. மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார், ஐயர் தாம்பாளத்தைப் பார்க்கிறார், உறவெல்லாம் ஜோடியைப் பார்க்கிறது. நிவேதா மட்டும் கழுத்தைத் திருப்பி எங்கேயோ பார்க்கிறாள்.

"படிக்கட்ட பாக்குது, மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துண்டால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

வழக்கம்போல் பேச ஆரம்பித்தேன். மன்னிச்சிடுங்க மாமா, ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடலாம், முன்னால இருக்கற இந்த ரெண்டு பேரையும் வெட்டி எடுத்துட்டா நம்ம பாப்பா மட்டும் நிக்கும், அப்படி ஒண்ணு தயாராவே இருக்கு, புள்ளி அடிக்கறது தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது, பெரிய திரையில அத போட்டுடறேன், இது யாருக்கும் தெரிய வேணாம் என்று மூச்சுவிடாமல் சொல்லி, வெட்டிய படத்தைத் திறக்கக் கையைக் கொண்டுபோனேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணோட அப்பனும் கட்டுறதப் பாத்திருக்க மாட்டான், வெட்டாத."